ஆவாரங்கொட்டாய் சாம்பிள்

பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவனுக்கு உள்ள மரியாதை கல்யாணப் பந்தியில் ஊறுகாய்க்கு உள்ள மரியாதைதான். இல்லாவிட்டால் கேட்பார்கள், இருந்தால் தொடமாட்டார்கள். அப்படி மெட்ராஸில் ஒரு ஓரத்தில் நிம்மதியாக இருந்த என்னை எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக்காலத்தில் தர்மபுரி மாவட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அதுவும் தண்ணீரைச் சோதிக்க.

நடந்தது இதுதான். எங்கள் சுகாதாரப் பொறியியல் துறைத் தலைவர் வெளிநாட்டில் ஒரு கருத்தரங்குக்குப் போனார். போகும்போது நன்றாகத்தான் போனார். திரும்பும்போது ஒரு புதுப் பாடத்தோடு வந்தார். ‘பொறியாளரும் சமுதாயமும்’ என்று அதற்குப் பெயர். குழாய் போட்டுவிட்டு ஓடிவந்துவிடக் கூடாது. பத்து வருஷம் கழித்தும் அதில் தண்ணீர் வருமா, அந்தத் தண்ணீர் யாருடையது, நம் வேலையால் யார் வயிற்றிலாவது அடிக்கிறோமா என்றெல்லாம் கேட்கப் பழக வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று தெரிந்ததும் கைதட்டிய பேராசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

“நீங்கள் எடுங்களேன். பொறுப்பும் ஒரு வகையில் மொழிதானே?” என்றார் தலைவர் என்னிடம். நான் தலையாட்டிவிட்டேன். மாணவர்கள் ஒரு வாரம் ஒரு கிராமத்தில் வேலை செய்து, பயனாக இருந்தது என்று ஊர்க்காரர்களிடம் எழுதி வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

ஆக, ஆறு மாணவர்கள், ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடிப் பாட்டில்கள், நான். எங்களுக்குத் தலைவன் நான் என்று பெயர். உண்மையான தலைவன் தியாகராஜன் என்ற மாணவன். கையேட்டை மார்போடு அணைத்துக்கொண்டே தூங்குகிற ஜாதி. இன்னொருவன் சேகர். அவனுக்குப் பசி தவிர வேறு கொள்கை எதுவும் இல்லை.

பாப்பாரப்பட்டியைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது கண்டக்டரிடம், “கொட்டாய் வந்தால் சொல்லுங்கள்” என்றேன்.

“எந்தக் கொட்டாய்ங்க?”

“ஊர் பெயரே கொட்டாய் என்றுதானே...”

பஸ்ஸே சிரித்தது. அந்தப் பக்கத்தில் நாலு வீடு சேர்ந்தால் அது ஒரு கொட்டாய். காட்டில் போட்ட கொட்டகை வீடாகி, வீடு ஊராகியிருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை. முன் சீட்டில் கோழியோடு உட்கார்ந்திருந்தவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். “புளியங்கொட்டாய் இருக்குதுங்க, மேட்டுக்கொட்டாய் இருக்குதுங்க, ஆவாரங்கொட்டாய், ராமன் கொட்டாய், அவுரு அண்ணன் கொட்டாய்...” சேகர் என் காதில், “சார், சினிமாக் கொட்டாய் எதுன்னு கேளுங்க” என்றான்.

எங்களுக்கு வேண்டியது ஆவாரங்கொட்டாய். இறக்கிவிட்டது அண்ணன் கொட்டாயில். பெட்டியைத் தலைமாற்றித் தலைமாற்றிச் சுமந்துகொண்டு வெயிலில் பாப்பாரப்பட்டிக்கே திரும்பி நடந்தோம்.

அங்கே புளி மண்டி வைத்திருந்த காதர் பாய் எங்களுக்குத் தன் மாடியைக் கொடுத்திருந்தார். அறுபது வயது. குரல் மட்டும் முப்பது. உள்ளே நுழைந்ததுமே ஒரு தாம்பாளத்தில் பளபளவென்று, கொட்டையோ நாரோ இல்லாத புளியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“சாம்பிள் பாருங்க சார்.”

“அற்புதமாக இருக்கிறதே. மூட்டை எல்லாம் இப்படித்தானா?”

“சாம்பிளைப் பார்த்தா சாம்பிளைப் பாராட்டணுங்க. மூட்டையப் பத்தி யாராச்சும் கேப்பாங்களா?”

நான் சிரித்தேன். அந்த வார்த்தையை அப்போதே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

இரவுச் சாப்பாடு களி. கேழ்வரகுக் களி உருண்டை, நடுவில் குழி, குழியில் கீரைக் கடைசல். நான் மென்றேன். பாய் வீட்டு வேலையாள் பதறிப்போய், “மெல்லாதீங்க சார், முழுங்கோணும்” என்றார். என் சொந்த ஊரான தஞ்சாவூர்ப் பக்கத்தில் நாங்கள் மெல்லாமல் விழுங்குவது மாத்திரையை மட்டும்தான். நான் மாத்திரை அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி ஒரு உருண்டையை முடிப்பதற்குள் சேகர் நாலு முடித்திருந்தான்.

தஞ்சாவூர் என்றதும் பாய்க்கு வாய் துறுதுறுத்தது. “காவேரி ஒகேனக்கல்ல எங்க மாவட்டத்துல விழுந்து எந்திரிச்சுதான் சார் உங்கூருக்கு வருது. கூப்புடற தூரந்தான். எங்களுக்கு ஒரு சொம்பு குடுக்காம நேரா உங்க வயலுக்கு ஓடியாருது. என்னா மருந்து வச்சீங்க அதுக்கு?” நான் களியை விழுங்கினேன்.

மறுநாள் காலை ஒன்றிய அலுவலகத்தில் ஒரு அதிகாரி விஷயத்தைச் சொன்னார். அந்த வருஷத்துக்கு ஒரே ஒரு ஆழ்துளைக் கிணறுதான் மீதி. ஆவாரங்கொட்டாய் கேட்கிறது, மேட்டுக்கொட்டாயும் கேட்கிறது. எந்த ஊர்த் தண்ணீர் மோசமோ அந்த ஊருக்குப் போர். “காலேஜ் பசங்க சோதிச்சுச் சொன்னா எவனும் கேள்வி கேக்க மாட்டான். சனிக்கிழமை ரிப்போர்ட் குடுத்துடுங்க” என்றார். அதாவது ஒரு ஊரின் தாகத்தைத் தீர்மானிக்கும் வேலை, ஒரு ஆங்கில வாத்தியார் கையில்.

வெளியே வந்ததும் தியாகராஜன் கையேட்டைத் திறந்தான். “சார், எதுக்காக எடுக்கிறோம்னு ஊர்க்காரங்ககிட்ட சொல்லவே கூடாது. சொன்னா தண்ணியில ஏதாவது கலந்துடுவாங்க. இதோ, பக்கம் பதினாலு.”

பக்கம் பதினாலுக்கு நான் கட்டுப்பட்டேன்.

மேட்டுக்கொட்டாயில் வேலை சுலபமாக முடிந்தது. அங்கே இருந்ததே ஒரு பொதுக்கிணறுதான். எட்டிப் பார்த்தோம், மொண்டோம். நல்ல தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் குடிக்கலாம்.

ஆவாரங்கொட்டாயில் இருபத்திரண்டு வீடுகள். பல வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம், எங்களிடம் தமிழ். பேசியவர்கள் எல்லோருக்கும் பல்லில் பழுப்புப் பட்டை. பெரியவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்கள். பஞ்சாயத்து மெம்பர் முனுசாமி எங்களைப் புங்கமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்காரவைத்து, எதிரில் ஒரு கூடை மாம்பழத்தை வைத்தார்.

“என்ன வேணுங்க?”

“ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடிக்கிற தண்ணீர் ஒரு சாம்பிள் வேண்டும்” என்றேன்.

“சாம்பிளா?” முனுசாமி ஒருமுறை எல்லாரையும் பார்த்தார். “சாம்பிள் கேக்குறாங்கப்பா!” என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார். தெரு சுறுசுறுப்பானது. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கரட்டுக்குப் பின்பக்கம் ஓடினார்கள். சின்னப் பாறைக்குன்றைத்தான் அங்கே கரடு என்கிறார்கள். எல்லோருமே ஏன் ஒரே பக்கம் ஓடுகிறார்கள் என்று நான் கேட்டிருக்கலாம். வாயில் மாம்பழம் இருந்தது.

தியாகராஜன் வேலை பக்தி. பாட்டிலை அந்தந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிக் கொட்டி, நாலாவது முறைதான் பிடிப்பான். கையேடு அப்படி. அவன் கொட்டக் கொட்டப் பெண்கள் வாயில் கைவைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தியாகராஜன் வீட்டிலும் தெலுங்குதான். காது சிவந்தது, ஆனால் மொழிபெயர்க்கவில்லை. “தண்ணியின் தரத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு சார்” என்று முடித்துவிட்டான்.

புதன்கிழமை மண்டி மாடியில் சோதனை. கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அதே சங்கதிதான்: பாட்டிலில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் பாட்டில் உடனே நுரைத்தது. இரண்டாவதும். இருபத்திரண்டும், ஒரு சொட்டு பிசகாமல், ஒரே அளவில் கல்யாண வீட்டுப் பாயசம் போல் நுரைத்தன. சேகர் ஒரு பாட்டிலை மடக்மடக்கென்று குடித்துவிட்டு, “இளநி மாதிரி இருக்கு சார்” என்றான்.

ஆவாரங்கொட்டாய்த் தண்ணீர் அமிர்தம். மேட்டுக்கொட்டாய்த் தண்ணீர் சுமார். எனவே போர் மேட்டுக்கொட்டாய்க்கு. நான் ரிப்போர்ட்டை எழுதக்கூட ஆரம்பித்துவிட்டேன், நல்ல ஆங்கிலத்தில்.

தியாகராஜனுக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிருந்தது. “அந்த ஊர்ல பாறைக்குள்ள ஏழெட்டுக் கிணறு இருக்கு. எல்லாத்துலயும் ஒரே தண்ணி வரவே வராது சார். நம்ம பாட்டில் சின்னது, அதான் தப்பு. பெரிய அளவுல மறுபடி எடுக்கணும்.” பெரிய பாட்டிலுக்கு எங்கே போவது? பாய் பக்கத்துக் கடையில் சொல்லி, ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடிகள் இருபத்திரண்டை வாடகையில்லாமல் வாங்கித் தந்தார். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, பிரசவத்துக்குப் போகிற பெண்ணை ஏற்றிப்போவதுபோல் ஏற்றிக்கொண்டு போனோம்.

ஜாடியில் உப்பு வாடை. உப்பு போகும்வரை அலசினால்தான் சோதனை சரியாக வரும். மூன்று தடவை போதவில்லை, ஆறு தடவை ஆனது. இருபத்திரண்டு ஜாடி, ஆறு ஆறு தடவை. குடம் குடமாக வந்தது. குடம் குடமாகப் புங்கமரத்தடியில் கொட்டினோம். மரம் அந்த வருஷம் அப்படியொரு குளியலைக் கண்டிருக்காது. முனுசாமி பெருமையோடு, “பெரிய சாம்பிளா கேக்குறாங்கன்னா பெரிய போராத்தான் போடுவாங்க” என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அதுவும் எனக்கு உறைக்கவில்லை. என் மூளையில் அன்று மாம்பழச் சாறு ஓடிக்கொண்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை காலை, ஜாடிகளும் ஒரே அளவில் நுரைத்து முடித்த நேரத்தில், மண்டி வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் காலிக்குடம். இன்னொரு கையில் வாடித் தொங்கிய கத்தரிச் செடி, வேரோடு.

“ஆருங்க இங்க வாத்தியாரு?”

நான் எழுந்தேன்.

“எங்கெணத்த ஒரே நாள்ல வத்தடிச்ச புண்ணியவான் நீங்கதானா?”

அவர் பெயர் தாயம்மா. கரட்டுக்குப் பின்னால் அவருக்குக் கால் ஏக்கர் நிலம், அதில் ஒரு சிறு கிணறு. ஆவாரங்கொட்டாயிலேயே வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் அது ஒன்றுதான். சித்திரை வந்தால் ஒரு நாளைக்குச் சில குடம்தான் ஊறும். அதில்தான் அவர் கத்தரிச் செடிக்குக் கை அளவு கை அளவாக ஊற்றிப் பிழைக்கவைத்துக்கொண்டிருந்தார். புருஷன் இல்லை. அந்தக் கத்தரிக்காய்தான் சந்தைக்குப் போய் அரிசியும் கேழ்வரகுமாகத் திரும்பி வர வேண்டும். அந்தக் கிணற்றின் தண்ணீரைத்தான் நாங்கள் இரண்டு நாளாக மாற்றி மாற்றி அலசிக் கொட்டியிருக்கிறோம்.

“எல்லா வீட்டுத் தண்ணீரும் உங்கள் கிணற்றுத் தண்ணீரா?” என்றேன்.

“பின்ன? சாம்பிள்னா நல்லதத்தான குடுப்பாங்க? பொண்ணு பாக்க வர்றவங்களுக்கே எங்கெணத்துத் தண்ணிதான் குடுப்போம். இல்லாட்டி இந்தூர்ல எவன் பொண்ணு எடுப்பான்? அரசாங்கத்துக்கு உப்புத்தண்ணியக் காட்டி ஊரு மானத்த வாங்கச் சொல்றீங்களா?”

உள்ளே கணக்கப்பிள்ளை மேசைக்குப் பின்னாலிருந்து காதர் பாய் தலையிலடித்துக்கொண்டார். “சார், சாம்பிள்னா கேட்டீங்க? சாம்பிள்னு கேட்டா எவன் சார் சொத்தையக் காட்டுவான்? சந்தையில என்னைக்காச்சும் பார்த்திருக்கீங்களா?”

“போர் வந்துதுன்னா ஊரு எங்கெணத்த வுட்டுடும்னு பார்த்தேன்” என்றார் தாயம்மா. அதுவரை சத்தமாக இருந்த குரல் சட்டென்று தணிந்தது. “அதான் வந்தவளுக்கெல்லாம் மொண்டுக்கோ மொண்டுக்கோன்னு குடுத்தேன். நல்ல சாம்பிளா இருந்தா நமக்குத்தான் போருன்னு மெம்பர் சொன்னாருங்க.”

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நல்லதைக் காட்டியதால் போர் மேட்டுக்கொட்டாய்க்குப் போகப்போகிறது. காட்டிய கிணறும் வற்றிவிட்டது. பொறுப்பைப் பற்றி ஒரு வருஷம் வகுப்பெடுத்துவிட்டு, ஒரே புதன்கிழமையில் ஒரு பெண்ணின் வாழ்வாதாரத்தை ஜாடி கழுவியே கொட்டிவிட்டேன்.

தியாகராஜன் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான். “சார், செவ்வாய்க்கிழமை அந்தப் பொம்பளைங்க தெலுங்குல சொன்னது... தாயம்மா கிணறு இன்னிக்குத் தாங்குமான்னு கேட்டுக்கிட்டாங்க.”

“ஏன்டா சொல்லவில்லை?”

“தரத்துக்குச் சம்பந்தமில்லைன்னு நினைச்சேன் சார். அளவைப் பத்தித்தானே பேசினாங்க.”

“சிரித்தார்களே, அது?”

“அது உங்க நடையைப் பத்தி. சினை எருமை மாதிரின்னு.”

அதை அவன் அப்போது சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சாயங்காலம் புங்கமரத்தடியில் ஊரைக் கூட்டி உண்மையைச் சொன்னேன். மோசமான தண்ணீர் இருக்கிற ஊருக்குத்தான் போர். எனவே ஐயா, அம்மா, உங்கள் சொந்தக் கெட்ட தண்ணீரைத் தயவுசெய்து கொடுங்கள். பிறகு முனுசாமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “அட, இத மொதல்லயே சொல்லப்படாதுங்களா? மோசமாத்தான வேணும்? வுடுங்க சார் எங்ககிட்ட.”

அந்த ‘வுடுங்க சார்’ என்பதில்தான் எங்கள் வியாழக்கிழமை முழுகிப்போனது. இருட்டுவதற்குள் பாட்டில்கள் வந்து குவிந்துவிட்டன. வழக்கம்போல் சோப்புக் கரைசலை விட்டால் நுரையே வரவில்லை. சொட்டல்ல, பாட்டிலையே கவிழ்த்தும் வரவில்லை. சேகர் ஒன்றை நாக்கில் தொட்டுவிட்டு, “சார், இது மெரினா” என்றான். ஒன்றில் செம்மண் பாதி. ஒன்றில் எருமையின் பங்களிப்பு இருந்தது. அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வீடு போட்டி. என் தண்ணிதான் மோசம், இல்லை என்னுதுதான் மோசம் என்று இரண்டு அண்ணன் தம்பிகள் எங்கள் முன்னாலேயே சண்டைக்கு நின்றார்கள். கையேடு சொன்னபடியே நடந்துவிட்டது என்று பக்கம் பதினாலை என்னிடம் விரித்துக் காட்டிய தியாகராஜன் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது. அந்தச் சாம்பிள் கணக்கைக் கொடுத்தால் அலுவலகத்தில் எங்களை விரட்டிவிடுவார்கள். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரே நாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் மாணவர்களிடம் சொன்னேன்: “ரிப்போர்ட் எப்படியோ போகட்டும். அந்தக் கிணற்றுக்கு ஏதாவது செய்யாமல் நான் பஸ் ஏறமாட்டேன்.” கோபத்தில் சொன்னேனா அழுகையில் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. தாயம்மாவிடம் போய், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“கெணறுதான் காஞ்சு கெடக்குது. அடியில ஆளு முழங்காலுக்குச் சேறு. தூரு வாருனா ஊத்துக்கண்ணு தொறக்கும். எறங்குறீங்களா? சட்டையக் கழட்டணும்.”

இறங்கினோம். நான், சேகர், இன்னும் மூன்று பேர் உள்ளே; மற்ற இருவரும் மேலே கயிற்றில் கூடை இழுக்க. கிணற்றுக்குள் காற்று கிடையாது. சேறு இடுப்புவரை அப்பியது. ஒவ்வொரு கூடைக்கும் மேலிருந்து பாதி என் தலையிலேயே திரும்பி வந்தது. கால் வழுக்கி நான் சேற்றில் உட்கார்ந்தபோது மேலே தெலுங்கில் ஒரு சிரிப்பலை எழுந்தது. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பத்து மணிக்கெல்லாம் நாக்கு தோலாகிவிட்டது. “தண்ணி!” என்று கத்தினோம். மேலே பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விருந்தாளிக்குத் தண்ணீர் எடுக்கிற கிணறு இந்த ஒன்றுதான். அதற்குள்தான் விருந்தாளிகள் சேற்றோடு நிற்கிறார்கள். என்ன செய்வார்கள்? ஒரு பெண் தயங்கித் தயங்கி வீட்டுக்குப் போய்த் தன் பானையிலிருந்து ஒரு சொம்பு கொண்டுவந்து கயிற்றில் கட்டி இறக்கினாள். “எங்க வூட்டுத் தண்ணிதாங்க. கோச்சுக்காதீங்க” என்றாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

சேகர் வாங்கி ஒரு வாய் ஊற்றினான். முகம் கோணியது. “சார்... உப்பு!”

மேலே தியாகராஜன் அலறினான். “குடிக்காதே! குடிக்காதேடா! மிச்சத்த அப்படியே மேல அனுப்பு!”

அவனுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, சேற்றில் நின்றபடியே, எனக்கும் புரிந்தது. இதுதான் அந்த வீடு தினமும் குடிக்கிற தண்ணீர், பல்லைப் பழுப்பாக்கி முழங்காலைப் பிடிக்கிற தண்ணீர். காட்டுவதற்காக எடுத்ததுமல்ல, கெடுத்துக் கொடுத்ததுமல்ல. தாகத்துக்குக் கொடுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகச் சொம்பு வந்தது. எவள் வீட்டுச் சொம்பு என்று தியாகராஜன் கேட்டுக் கேட்டு எழுதினான். பாதியை எங்களுக்கு இறக்கினான், பாதியைப் பாட்டிலில் ஊற்றினான். முதல் பாட்டிலை வழக்கப்படி அலசப் போனவன், சொம்பைச் சாய்த்த கையோடு தாயம்மாவைப் பார்த்தான். பிறகு ஒரே ஒரு வாய் அளவு விட்டுக் குலுக்கி, அதையும் கீழே கொட்டாமல், பக்கத்திலிருந்த கத்தரிச் செடியின் அடியில் விட்டான்.

“இந்த உப்புத்தண்ணி செடிக்கு ஆவாதுடா சாமி” என்றார் தாயம்மா. ஆனால் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

அன்று நான் எத்தனை சொம்பு குடித்தேன் என்று தெரியாது. பல்லெல்லாம் கரகரவென்றிருந்தது. எங்கள் ஊரில் காவிரியில் கால் கழுவுகிற தண்ணீர் இதைவிட மேல் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் சேகரின் பாதத்தின் அடியில் ஜில்லென்று ஏதோ ஊறியது. அவன் போட்ட கூச்சலில் கயிறு இழுத்தவர்கள் கூடையை என் மேலேயே விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை ரிப்போர்ட் கொடுத்தேன். இருபத்திரண்டு வீடு, ஏழெட்டு வகைத் தண்ணீர், அத்தனையும் மேட்டுக்கொட்டாயைவிட மோசம். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, “எப்படி எடுத்தீங்க?” என்று கேட்டார். “குடித்துப் பார்த்து எடுத்தோம்” என்றேன். அவர் முத்திரையைக் குத்தினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கல்லூரிக்கு ஊர்ச் சான்றிதழ் வேண்டுமே என்ற நினைவு வந்தது. வழியனுப்ப வந்திருந்த தாயம்மா சொல்லச் சொல்ல, பாய் மண்டித் தாளில் எழுதினார்: ‘இந்த வாத்தியாரும் ஆறு பசங்களும் வந்து எங்கெணத்த வத்தடிச்சாங்க. அப்புறம் அவங்களே எறங்கித் தூரு வாருனாங்க. எங்க தண்ணியக் குடிச்சாங்க. வேற பெரிசா ஒண்ணும் செய்யல. நல்ல பசங்க.’ கீழே கைநாட்டு. துறைத் தலைவர் அதை இரண்டு முறை படித்தார். எல்லோருக்கும் தேர்ச்சி போட்டார். எனக்கு அடுத்த வருஷமும் அதே பாடத்தைக் கொடுத்தார்.

போர் போட்டார்களா, தண்ணீர் வந்ததா என்று பல மாதம் ஒரு சேதியும் இல்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. போட்டுவிட்டு ஓடிவரக் கூடாது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த சித்திரையில், கத்திரி வெயில் கொளுத்துகிற ஒரு நாள், காதர் பாயின் புளி லாரி டிரைவர் கல்லூரிக்கே வந்து ஒரு பாட்டிலைக் கொடுத்தார். வாயில் துணி அடைத்து, கழுத்தில் பாய் கையெழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு கட்டியிருந்தது. ‘போர் வந்தாச்சு. எல்லாரும் அதுலதான் புடிக்கறோம். இது போர்த்தண்ணி சாம்பிள். தாயம்மா.’

தியாகராஜன் அப்போது கடைசி வருஷம். ஓடிவந்து சோதனைச்சாலைக்கு எடுத்துப்போனான். பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டான். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

“மறுபடியும் ஏமாத்திட்டாங்க சார். ஒரு சொட்டுகூட மாறலை. இது போர்த்தண்ணியே இல்லை. தாயம்மா கிணத்துத் தண்ணி.”

நான் பாட்டிலை வாங்கினேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தியாகு, இது என்ன மாதம்?”

“சித்திரை சார்.”

“சித்திரையில் அந்தக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை மெட்ராஸுக்கு அனுப்பிவைக்கிறார் என்றால், ஊரில் ஒருத்தரும் அதில் மொள்ளவில்லை என்று அர்த்தம். போரில் தண்ணீர் வருகிறது, ஊர் அதில் பிடிக்கிறது, அவர் கிணறு நிறைந்திருக்கிறது. இதைவிட என்ன ரிப்போர்ட் வேண்டும் உனக்கு?”

நான் துணியை எடுத்துவிட்டு, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தேன்.

“சார்! சார்! அது சாம்பிள் சார்!” என்று கத்தினான்.

இளநீர் மாதிரியேதான் இருந்தது. காலிப் பாட்டிலை அவனிடம் கொடுத்தேன். அவன் கழுவவில்லை. துணியை அப்படியே அடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டான்.